தேதி இல்லாத நான்கு டயர்கள்

இடது கண்ணின் ஓரப்பார்வை போய்விட்டது, போனது திரும்பி வராது என்று முதல் டாக்டர் சொன்னபோது நிக்கனோர் பாயெஸ் நம்பவில்லை. இரண்டாவது டாக்டரிடம் போனார். முதல் டாக்டரைப் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. அவரும் அதையே சொன்னார். மூன்றாவது டாக்டர் பக்கத்து மாகாணத்து மெந்தோசா நகரத்தில் இருந்தார். இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய் அவரிடமும் கண்ணைக் காட்டினார். அவரும் அதையேதான் சொன்னார். மூன்று பேரும் கூடிப் பேசி வைத்திருப்பார்களோ என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் சொட்டு மருந்தை வாங்கினார்.

மே ஒன்பதாம் தேதி அவருடைய லைசென்ஸ் முடிகிறது. அன்றைக்கு எழுபது வயது. புதுப்பிக்கக் கண் சோதனை உண்டு, அதில் தேற வழியே இல்லை. இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை. பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டுகிற எலியோவிடமும் சொல்லவில்லை. எலியோவிடம் சொன்னால் சான் ஹுவான் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி.

சான் ஹுவானுக்கு வெளியே, எழுபது கிலோமீட்டர் தள்ளி, மொட்டை மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய பந்தயத் தடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதை யாருக்கும் திறந்துவிடுவார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. கட்டணம் கட்டி, சொந்தக் காரைச் சோதனைக்குக் காட்டி, லைசென்ஸும் ஹெல்மெட்டும் இருந்தால், தைரியம் இருக்கிற அளவுக்கு வேகமாகச் சுற்றலாம். பல் டாக்டர் வருவார், கசாப்புக் கடைக்காரர் வருவார். டிராக் நாள் என்று அதற்குப் பெயர். அடுத்த டிராக் நாள் ஏப்ரல் பன்னிரண்டு. அதற்கடுத்தது மே பதினேழு. நிக்கனோருக்கு மே பதினேழு கிடையாது.

முப்பத்தெட்டு வருஷம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர் அவர். முப்பது டன்னோடு மலை இறங்கியதுதான் அவர் கண்ட வேகம். ஏழு வருஷத்துக்கு முன்பு, மூக்கு நசுங்கிக் கிடந்த ஒரு ஜப்பான் காரை வாங்கினார். இரண்டு பேர் உட்காரலாம், ஸ்டியரிங் அந்த நாட்டு வழக்கப்படி இடப்பக்கம், கூரையை மடக்கலாம், பின் சக்கரம் தள்ளும். எலியோ அதை நிமிர்த்திக் கொடுத்தான். ஒரு வருஷம் கியர் பெட்டி, ஒரு வருஷம் மனைவியின் நோய், ஒரு வருஷம் அவள் போன பிறகு வந்த சோம்பல் என்று தள்ளிக்கொண்டே போனது. அந்தத் தடத்தில் அவருடைய கார் இதுவரை ஒரு சுற்றுகூடப் போனதில்லை.

பிப்ரவரியிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார். முதலில் வீல்.

காரோடு வந்தவை பதினேழு அங்குல வீல்கள். பளபளவென்று இருக்கும். நிக்கனோர் ஒன்றைக் கழற்றி, டயரை உருவி, திராட்சைப் பெட்டி நிறுக்கிற தராசில் வைத்தார். பதினொன்றரைக் கிலோ. தெருக்கோடியில் ஒருவன் விற்கப் போட்டிருந்த பழைய பதினைந்து அங்குல வார்ப்பு வீலையும் கையோடு வாங்கி வந்து வைத்தார். ஆறரைக் கிலோ.

"யோவ், உனக்குக் கிறுக்கா?" என்றான் எலியோ. "பெரிய வீல்தான்யா காருக்கு அழகு. இதை மாட்டினா தள்ளுவண்டி மாதிரி இருக்கும்."

"அழகு காட்ட நான் என்ன பொண்ணு பாக்கவா போறேன்?"

"இந்த மூஞ்சிக்கு அந்த ஆசை வேறயா?"

"கேளுடா. வண்டிக்கு மேல ஏத்துற பாரத்தை ஸ்பிரிங் தாங்கும். வீலோட பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழ கிடக்கு. அதை எவன் தாங்குவான்? குழி வந்தா வீல் தானே குதிச்சுத் தானே இறங்கணும். கனமா இருந்தா லேட்டாத்தான் இறங்கும். அந்த நேரத்துல நீ ரோட்டுல இல்ல, ஆகாசத்துல இருக்க."

லாரி கற்றுக்கொடுத்த படிப்பு அது. வேறு படிப்பு அவருக்கு இல்லை.

சின்ன வீல் பிரேக்கில் இடிக்குமோ என்பது அடுத்த கவலை. இடிக்காது என்று விற்றவன் சத்தியம் செய்தான். சத்தியம் செய்ததாலேயே நிக்கனோருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. இறைச்சி அடைத்த எம்பனாதா சுடுவதற்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டை பிடித்துப் பிரேக்கின் மேல் அப்பினார். வீலை மாட்டி ஒரு சுற்று சுற்றிக் கழற்றினார். நசுங்கிய மாவைக் கத்தியால் வெட்டி அளந்தார். நான்கு மில்லிமீட்டர். போதும். வீல் வெளியே துருத்திக்கொண்டு மட்கார்டைச் செதுக்குமா என்று பார்க்க, எலியோவைப் பின்னால் ஏறிக் குதிக்கச் சொன்னார். எலியோவின் தொப்பைக்குக் கார் தரைவரைக்கும் அமுங்கியது; ஆனால் எங்கும் உரசவில்லை. பெரிய வீல்களை அந்த வாரமே விற்றுவிட்டார்.

டயர்தான் பெரிய தலைவலி. கோடே இல்லாத பந்தய டயர் வேண்டாம். சூடு ஏறினால்தான் பிடிக்கும், அதைப் போட்டுக்கொண்டு சாலையில் போக முடியாது, இழுத்துப்போக வண்டியும் இல்லை. சாதாரண சாலை டயர் ஐந்தாவது சுற்றில் வெண்ணெயாக இளகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. சாலையிலும் போகலாம், வளைவிலும் பிடிக்கும், சீக்கிரம் தேயும். பக்கவாட்டில் தேய்மான எண் இருநூறு என்று போட்டிருக்கும். அதுதான் வேண்டும் என்று முடிவு செய்தார்.

சான் ஹுவானில் ஒரே ஒரு கடையில் இருந்தது. கடைக்காரன் புத்தம் புது டயர் என்றான். நிக்கனோர் மண்டியிட்டு, பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்தார். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். ஏழு வருஷத்துக்கு முந்தைய டயர்.

"இது பள்ளிக்கூடம் போற வயசுய்யா. இதையா புதுசுன்ன?"

"ஒரு தடவைகூடச் சாலையைத் தொடலையே, தொன் நிக்கனோர்!" என்றான் அவன், மரியாதைக்கு ஒரு 'தொன்' சேர்த்து.

"எங்க அத்தையும்தான் சாகிறவரைக்கும் எவனையும் தொட விடலை. அதுக்காக அவ குமரியா?"

டயரில் எழுதியிருக்கிற மற்றதையெல்லாம் அவர் விளம்பரம் என்றே நினைத்தார். அந்த நான்கு இலக்கம் மட்டும்தான் மெய். இரும்பு அச்சிலேயே அடித்து வருவது, கடைக்காரன் கை படாதது.

ஆகவே எல்லோரும் செய்கிறதை அவரும் செய்தார். மலையைத் தாண்டினால் அர்ஜென்டினா முடிந்து சிலே நாடு. அங்கே டயர் விலை பாதிக்கும் கீழே. தேய்ந்த டயரோடு போய், புது டயரை மாட்டி, பழசை அங்கேயே எறிந்துவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். திரும்பும்போது சுங்கத்தில் புது டயர் என்று தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

"ஜாக்கிரதையா இரு," என்றான் எலியோ. "என் மச்சினன் மாட்டிக்கிட்டான். டயருக்கு மண் பூசித்தான் வந்தான். அவங்க தேதியைப் படிச்சுட்டாங்க. மூணு வாரத்து டயர். கழட்டி வாங்கி வச்சுக்கிட்டாங்க."

தேதியைப் படித்துவிட்டார்கள் என்ற அந்தச் சொல் நிக்கனோரின் மண்டையில் தங்கிவிட்டது.

மார்ச் கடைசியில், பனி விழுந்து கணவாய் மூடுவதற்கு முன்பு, தனியாகப் புறப்பட்டார். சிலேயில் லா செரேனா என்ற ஊரில் அலமிரோ என்பவனுடைய டயர்க் கடை. அவனுக்குப் பாதி வியாபாரம் மலைக்கு இந்தப் பக்கத்து ஆட்களால்தான். அவர் கேட்ட டயரே இருந்தது. தேதியைப் பார்த்தார்: ஒன்பது வாரத்துக்கு முன்பு செய்தது. நகத்தை அழுத்திப் பார்த்தார். ரப்பர் மெத்தென்று உள்வாங்கிக்கொண்டது. மாட்டச் சொன்னார்.

மாட்டி முடித்ததும் அலமிரோ கேட்காமலேயே அடுத்த வேலையை ஆரம்பித்தான். புது டயரில் மெல்லிய ரப்பர் முடி முளைத்திருக்குமே, அதைப் பிளேடால் வழித்தான். ஈர மண்ணையும் காப்பித் தூளையும் குழைத்துப் பக்கவாட்டில் பூசினான். பத்தே நிமிஷத்தில் நான்கு டயரும் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய முகத்தோடு நின்றன.

"உங்க டயருக்கு நானே வயசு ஏத்திட்டேன் பாருங்க, பெரியவரே. உங்களுக்கும் இப்படித்தான் எவனோ பூசிவிட்டிருக்கான் போல."

"தேதி?"

"மண்ணுக்குள்ள இருக்கு. எவன் பாக்கப்போறான்?"

"துடைச்சுப் பாப்பான். அந்தத் தேய்க்கிற கிரைண்டரை எடு."

அலமிரோ சிரிப்பை நிறுத்தினான். "அதைத் தொடாதீங்க. நான் இருபது வருஷமா உங்க ஊர்க்காரங்களுக்கு டயர் மாட்டுறேன். ஒருத்தரும் தேதியைத் தொட்டதில்ல."

இருபது வருஷம் என்று ஒருவன் சொன்னால் பத்து என்று வைத்துக்கொள்வது நிக்கனோரின் வழக்கம். கிரைண்டரை அவரே எடுத்தார். ரப்பர் புகைய, நான்கு டயரிலும் அந்த நான்கு இலக்கத்தை மட்டும், நகத்தின் கனத்துக்கு, சுத்தமாகத் தேய்த்தார். மறுபக்கத்தில் தேதி அடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அங்கேயும் குனிந்து பார்த்துக்கொண்டார். பில்லை வாங்கிக் கிழித்து, அலமிரோவின் அடுப்பிலேயே போட்டார். சட்டைப் பையில் பில் வைத்திருப்பவன்தான் மாட்டுவான்.

"இன்னொண்ணு," என்றார். "யார் போன் பண்ணிக் கேட்டாலும் என்னை உனக்குத் தெரியாது."

"அதைச் சொல்லணுமா? யாரையுமே எனக்குத் தெரியாது," என்றான் அலமிரோ.

சுங்கத்தில் ஒரே காற்று. பணியில் இருந்தவன் காது குல்லாயை இறக்கிவிட்டுக்கொண்டு, பெட்டியைத் திறக்கச் சொன்னான், ஸ்பேர் டயரைத் தூக்கிப் பார்த்தான், போங்க தாத்தா என்று கையை ஆட்டினான். மாட்டியிருந்த சக்கரங்கள் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை. நிக்கனோருக்கு நிம்மதியோடு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இவ்வளவு செய்திருக்கிறேன், ஒரு பார்வை பார்த்தால் என்ன?

ஏப்ரல் பன்னிரண்டு காலை எட்டரைக்கு அவரும் எலியோவும் தடத்தின் வாசலில் வரிசையில் நின்றார்கள். முன்னால் இருபது கார். எலியோ வெந்நீர்க் குடுவையும் மாத்தேக் கிண்ணமும் கொண்டுவந்திருந்தான். அந்தக் கசப்புத் தேநீரை ஆளுக்கொரு முறை குழாயில் உறிஞ்சிக்கொண்டே நகர்ந்தார்கள். நிக்கனோர் தடத்தின் வரைபடத்தைப் பத்து நாளாகச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தவர். வளைவுகள் எல்லாம் மனப்பாடம். நான்காவது வளைவு நீளமானது, வலப்பக்கம் திரும்புவது, மலையைப் பார்த்துப் போவது. அதற்காகத்தான் வந்திருந்தார். வலது பக்கம்தான் அவருக்கு நன்றாகத் தெரியும்.

காரைச் சோதிக்கிற பெண்ணின் பெயர் யானினா. முப்பது வயது இருக்கும், தடத்தின் என்ஜினியர். கையில் தாள் அட்டை, நெற்றியில் விளக்கு. பிரேக்கை அமுக்கச் சொன்னாள், வீல் நட்டுகளை முடுக்கிப் பார்த்தாள், ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தாள், லைசென்ஸின் தேதியைப் பார்த்தாள்.

"மே ஒன்பதுவரைக்கும் இருக்கு. சரி. அழகா வச்சிருக்கீங்க, தொன் நிக்கனோர். வீல் நல்ல தேர்வு. சின்னது, லேசு."

நிக்கனோர் எலியோவைத் திரும்பிப் பார்த்தார். எலியோ வானத்தைப் பார்த்தான்.

அவள் குனிந்து முன் டயரின் மண்ணைத் துணியால் துடைத்தாள். விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். எழுந்து பின் டயருக்குப் போனாள். மற்ற இரண்டையும் சுற்றி வந்தாள்.

"தேதி எங்க?"

"கல்லு ரோட்டுல வந்தேம்மா. உரசிப் போயிருக்கும்."

"நாலு டயர்லயும், ஒரே இடத்துலயா?"

பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவன் சிரித்தான். "நல்லாப் படிச்ச கல்லு போல!"

"டயருக்கு ஆறு வருஷத்துக்கு மேல வயசு இருந்தா உள்ள விடுறதில்ல," என்றாள் யானினா. "தேதி தெரியலைன்னாலும் விடுறதில்ல. தாள்லயே போட்டிருக்கு."

நிக்கனோர் தாளைப் படிக்கவில்லை. தாளில் போட்டிருப்பதைப் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பிறகு உண்மையைச் சொன்னார். சிலே, கணவாய், அலமிரோ, கிரைண்டர், எல்லாவற்றையும். சொல்லச் சொல்லவே அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. வேறு ஒருவன் வந்து இதைச் சொல்லியிருந்தால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்.

"போன வருஷம் ஒருத்தர் இதே கதைதான் சொன்னார்," என்றாள் யானினா. குரலில் கோபம் இல்லை. "சிலே டயர், புதுசு, சுங்கத்துக்காகத் தேச்சதுன்னார். எவனோ பத்து வருஷப் பழசைத் தேச்சு அவர் தலையில கட்டியிருக்கான். அவருக்கே தெரியாது. மூணாவது வளைவுல வெடிச்சுச் சுவத்துல போய் நின்னார். இன்னும் கைத்தடியோடதான் நடக்குறார். உள்ள விட்டது நான்."

"இது அது இல்லம்மா. அலமிரோவுக்குப் போன் போடு. இதோ நம்பர்."

யானினா தன் போனில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம். சான் ஹுவான்ல இருந்து பேசுறேன். நிக்கனோர் பாயெஸ்னு ஒருத்தருக்கு நீங்க டயர்..."

"யாரு?" என்றது அலமிரோவின் குரல். "அப்படி யாரையும் தெரியாதுங்க."

"போன மாசம் உங்க கடையில நாலு டயர்..."

"டயரா? அர்ஜென்டினாக்காரங்களுக்கு நான் டயர் விக்கிறதே இல்லைங்க. பஞ்சர் மட்டும்தான் ஒட்டுறேன்."

நிக்கனோர் போனைப் பிடுங்கினார். "டேய் அலமிரோ! நான்தான்டா நிக்கனோர்! இது சுங்கம் இல்ல! உள்ளதைச் சொல்லு!"

அலமிரோ, காட்டிக்கொடுக்காத மனுஷனின் பெருமையோடு, சொன்னான்: "இந்தக் குரலையும் எனக்குத் தெரியாதுங்க." வைத்துவிட்டான். மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை.

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். எலியோகூடச் சிரித்துவிட்டு, நிக்கனோரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"உன் மச்சினன் கதையைக் கேட்டுத்தானேடா தேச்சேன்!" என்று அவன்மேல் பாய்ந்தார். "தேதியைப் படிச்சாங்கன்னு சொன்னியே!"

எலியோ காதைச் சொறிந்தான். "படிச்சாங்கதான். ஆனா அவன் பின் சீட்டுல இன்னும் நாலு டயர் வச்சிருந்தான். அதனாலதான் நிறுத்தினாங்க."

"அதை ஏண்டா சொல்லலை?"

"நீ கேக்கலையே. நான் எதைச் சொன்னாலும் நீ நம்பறதும் இல்லையே. இதை மட்டும் நம்புவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யானினா உள்ளே போய், ரப்பரின் மென்மையை அளக்கிற ஒரு சின்னக் கருவியை எடுத்துவந்தாள். நான்கு டயரிலும் ஊன்றிப் பார்த்தாள். ஒன்றில் இரண்டு முறை பார்த்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில், தரையிலேயே குந்தி உட்கார்ந்தாள்.

"மெத்துன்னு இருக்கு. பழசு இப்படி இருக்காது. நான் உங்களை நம்புறேன், தொன் நிக்கனோர்."

"அப்புறம் என்ன?"

"மருந்து தடவியும் ரப்பரை மெத்துனு ஆக்குறாங்க. அதனால இந்த அளவை நாங்க கணக்குல எடுக்கிறதில்ல. பாருங்க." அட்டையைக் காட்டினாள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் நான்கு இலக்கம் எழுத இடம். "இதுல எதை எழுதட்டும்? நம்புறேன்னு எழுத இங்க கட்டம் இல்ல. மனசு சொல்றதைக் கேட்டு எழுதுறதைப் போன வருஷத்தோட விட்டுட்டேன்."

இவளைத் திட்ட வேண்டும் என்றுதான் நிக்கனோருக்கு இருந்தது. ஆனால் அவள் இடத்தில் அவர் இருந்திருந்தால் தேதி தெரிந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்.

எலியோ வரிசை நெடுக ஓடி, மாற்று வீல் இருக்கிறதா என்று விசாரித்தான். ஒருவரிடம் இருந்தது, நட்டு மாட்ட ஐந்து துளை. நிக்கனோரின் காருக்கு நான்கு. இன்னொருவரிடம் நான்கு துளையே இருந்தது. மாட்டியதும் பிரேக்கில் நறநறவென்று உரசியது. பெரிய வீல்கள் இருந்தாலாவது வீட்டுக்குப் போய் எடுத்து வரலாம். அதையும் விற்றாயிற்று.

"மனசை விடாதீங்க," என்றாள் யானினா. "மே பதினேழு இருக்கே. கடையில ரெண்டு டயர் புதுசா வாங்கிட்டா... சரி, நாலும். ஒரு மாசம்தானே? முதல் ஆளா உங்க பேரை நானே எழுதிக்கிறேன்."

மே பதினேழு எனக்கு இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் டயர் சரியாக இருந்தாலும் உள்ளே விடமாட்டாள். நியாயமாகவும் விடக்கூடாது. சொல்லக்கூடிய ஒரே காரணம்தான் சொல்லக்கூடாத காரணமாகவும் இருந்தது. லாரியில் பிரேக் போய் மலை இறங்கியபோதுகூடச் செய்ய ஏதோ ஒன்று இருந்தது; கியரைக் குறைக்கலாம், பக்கவாட்டுப் பாறையில் உரசலாம். இங்கே உரசுவதற்குக்கூட ஒன்றும் இல்லை.

"எழுதிக்கோம்மா," என்றார்.

காலை முழுக்கச் சுவரோரம் நின்று பார்த்தார். பல் டாக்டர் போனார். கசாப்புக் கடைக்காரர் பதினேழு அங்குல வீலோடு, குதித்துக் குதித்துப் போனார். அவருடைய பின் டயர் ஒவ்வொரு மேட்டிலும் தரையை விட்டு எழுந்ததை நிக்கனோர் பார்த்தார். நான் சொன்னேனே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

மதியம் இறைச்சி சுடுகிற நேரத்தில் தடம் ஒரு மணி நேரம் ஓய்வு. அப்போது குடும்பங்களை அவரவர் காரிலேயே ஒரே ஒரு சுற்று விடுவார்கள். முன்னால் ஒரு வழிகாட்டிக் கார், ஐம்பது கிலோமீட்டர் வேகம், யாரும் யாரையும் முந்தக்கூடாது. சோதனை கிடையாது. யானினா வந்து, வேண்டுமானால் இதில் போகலாம் என்றாள்.

"சவ ஊர்வலம்," என்றார் நிக்கனோர். ஆனால் எழுந்து போனார்.

அவருக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி, பின்னால் நாற்காலி போட்டு நான்கு பேர் உட்கார்ந்து இறைச்சி ரொட்டி தின்றுகொண்டே வந்தார்கள். எலியோ பக்கத்தில் மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தான். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. டயர் தூங்கியது. மூன்றாவது வளைவில் நிக்கனோருக்கு ஒரு யோசனை வந்தது. காலை எடுத்தார். ஐம்பது நாற்பதானது, நாற்பது இருபதானது. பிக்கப் தூரம் போனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"என்னய்யா பண்ற?" என்றான் எலியோ.

"இடம் சேக்கிறேன். கிண்ணத்தை இறுக்கிப் பிடி."

நான்காவது வளைவு முழுசாக, காலியாக, வெயிலில் விரிந்து கிடந்தது. முந்நூறு மீட்டர். ஒரே ஒரு வளைவு போதும், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இரண்டாவது கியரைப் போட்டு, வலப்பக்கம் மலையைப் பார்த்து, மிதித்தார். கார் துள்ளியது.

எலியோ கத்தினான்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் குடும்பக் கார் வந்துகொண்டிருந்தது. கூரையில் மடக்கு மேஜை கட்டியிருந்தது. ஹாரன் அடித்துச் சலித்துப்போய், அவர் காலியாக வைத்திருந்த இடத்துக்குள் முந்திக்கொண்டு வந்தது. நிக்கனோர் அதைப் பார்க்கவே இல்லை. எலியோவின் குரலுக்குத்தான் அவர் கால் பிரேக்குக்குப் போனது. நான்கு டயரும் ஒரே சமயத்தில் தரையைக் கவ்வின. சறுக்கவில்லை, கீச்சிடவில்லை. கார் அறைந்தாற்போல் நின்றது. வெந்நீர் முழுக்க எலியோவின் தொடையில். வெள்ளைக் கார் ஒரு முழம் முன்னால் குறுக்கே போய், ஒன்றும் தெரியாத மாதிரி தள்ளிப் போனது. பின் கண்ணாடியில் ஒரு நாய் அவர்களைப் பார்த்துக்கொண்டே போனது.

"நல்ல டயர்தான்," என்றான் எலியோ, தொடையைத் தட்டிக்கொண்டே. பிறகு அவன் குரல் மாறியது. "அவனை நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"பக்கத்துல ரொம்ப நேரமா வந்தான்யா. உன் கதவுக்கு நேரா."

"பாத்தேன்னு சொல்றேன்ல."

எலியோ இடது கையைத் தூக்கி, நிக்கனோரின் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் விரல்களை அசைத்தான். நிக்கனோர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் மறுபடி ஹாரன் அடித்தார்கள். எலியோ கையை மெதுவாக இறக்கிக்கொண்டான்.

"எவ்வளவு நாளா?"

நிக்கனோர் கியரைப் போட்டார். மீதிச் சுற்றை நாற்பதில் ஓட்டி முடித்தார்.

வெளியே வந்து நிறுத்தியதும் எலியோ இறங்கிச் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றான். கையை நீட்டினான். கேலி எதுவும் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"மே ஒன்பதுவரைக்கும் லைசென்ஸ் இருக்குடா," என்றார் நிக்கனோர்.

"இருக்கட்டும்."

"உனக்கு இந்தக் கிளட்ச் தெரியாது. மேல வந்துதான் பிடிக்கும்."

"கத்துக்கிறேன். இறங்கு."

அவர் சாவியைக் கொடுத்தார். மறுபக்கம் போய் உட்கார்ந்தார். ஏழு வருஷத்தில் அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. நீரில் நனைந்திருந்தது, முழங்கால் இடித்தது. எலியோ கிளட்சை விட்டான், கார் இரண்டு முறை குதித்தது. சாலைக்கு வந்ததும் முதல் வளைவில் அவன் கொஞ்சம் வேகமாகவே திரும்பினான். டயர் அசையாமல் பிடித்துக்கொண்டது. நிக்கனோரின் வலது கால் பிரேக்கைத் தேடி வெறும் தரைவிரிப்பை அழுத்தியது. அடுத்த வளைவிலும் அழுத்தியது. எழுபது கிலோமீட்டரும் அதை அவரால் நிறுத்த முடியவில்லை.